மஸ்கெலியா வீதியில் பின் டயர் பதினான்கு

2008 ஏப்ரல் பள்ளி விடுமுறையில் நானும் என் நண்பன் குகனும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் கொழும்பிலிருந்து மஸ்கெலியாவுக்குக் கிளம்பினோம். காரணம் இரண்டு. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிவிட்டது, அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊரின் கோயில் வெளியே தெரிகிறது என்று யாரோ குகனிடம் சொல்லியிருந்தார்கள். அது அவனுடைய காரணம். புதிதாக வாங்கிய டயர் சென்சரை மலையேற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என்னுடையது. கோயிலை நாங்கள் பார்க்கவில்லை. சென்சரைச் சோதித்த கதையைத்தான் எழுதப்போகிறேன்.

இதே பாதையில் போக நினைப்பவர்களுக்கும், பைக்கில் இந்தச் சாமானைப் பூட்ட நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். குகனின் உயிர் போயிருக்கக்கூடிய நாள் அது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக எழுதாமல் தள்ளிப் போட்டதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதற்கு வருவேன்.

குகன் யாழ்ப்பாணத்துக்காரன், கொழும்பில் கணித ஆசிரியர். நான் கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து, பதினேழு வயதில் வெள்ளவத்தைக்கு வந்து, ரேடியோ, டீவீ, பிறகு கார் அலாரம் என்று திருத்திப் பிழைப்பவன். பேய், முனி, காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் மல்டிமீட்டரை எடுத்து நீட்டி, "அளந்து காட்டு" என்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் இதனால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

சாமானைப் பற்றி ஒரு வார்த்தை. டயரின் வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக ஒரு தடித்த மூடியைப் பூட்ட வேண்டும். அது வால்வின் ஊசியை அழுத்திக்கொண்டே இருக்கும், காற்றை அடைப்பது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் மட்டும். அதற்குள் ஒரு சின்ன பேட்டரியும் சென்சரும் ரேடியோவும் இருக்கின்றன. காற்றழுத்தத்தையும் சூட்டையும் அது அனுப்ப, ஹேண்டிலில் கிளிப் போட்ட தீப்பெட்டி அளவுத் திரையில் இலக்கம் விழும். திரைக்குள்ளும் தனி பேட்டரி உண்டு, பைக்கிலிருந்து வரும் வயர் அதைச் சார்ஜ் செய்யத்தான். முன் டயருக்கு F, பின் டயருக்கு R. கேட்கும் தூரம் பத்து, பதினைந்து மீட்டர். ஒவ்வொரு மூடிக்கும் ஓர் இலக்கம் உண்டு, திரை தன் இரண்டு மூடிகளின் இலக்கத்தை மட்டுமே கேட்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் மூலமாக இரண்டு செட் எடுத்தேன், ஒரு செட் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். குகனுக்கு வேண்டவே வேண்டாம். கட்டாயப்படுத்திப் பூட்டிவிட்டவன் நான்தான்.

வெள்ளவத்தையில் காலை 5.15க்குக் கிளம்பினோம். நான்கு டயருக்கும் 32 பி.எஸ்.ஐ. காற்று வைத்து, இரண்டு திரையும் 32 காட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தோம். 6.35க்கு, அவிசாவளைக்குக் கொஞ்சம் முன்னால், சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இரண்டு தமிழர், ஹேண்டிலில் சிவப்பு லைட் மினுங்கும் பெட்டி, அங்கிருந்து தொங்கும் வயர். போர் நடக்கும் இந்த வருஷத்தில் அது எப்படிப்பட்ட சேர்க்கை என்று விளக்கத் தேவையில்லை.

"மே மொகத்த?", இது என்ன, என்று கேட்டான் இளம் சிப்பாய். காற்றுப் பார்க்கிற சாமான் என்று சிங்களத்தில் சொன்னேன். சக்கரத்தில் இருக்கும் மூடிகளையும் கழற்றச் சொன்னான். நான்கையும் கழற்றி மணல் மூட்டையின் மேல் வைத்தோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், ஒன்றை முகர்ந்தும் பார்த்தான். மேலதிகாரி வந்தார், அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு போனார், இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். "ஹரி, யன்ன", சரி போங்கள், என்றதும், எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று மூடிகளை அள்ளி, அவசர அவசரமாக முறுக்கிப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

கித்துல்கலையில் 8 மணிக்கு பிளேன்டீயும் பணிஸும். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில்தான் கோளாறு ஆரம்பித்தது. R என்ற இடத்தில் இலக்கம் போய், இரண்டு கோடுகள் வந்தன. சிக்னல் இல்லை என்று அர்த்தம். ஐந்து நிமிஷம் கழித்துத் தானாக வந்தது. மறுபடி போனது.

இந்த மாதிரிக் கோளாறு எனக்கு அல்வா. என் பைக்கில் கூடுதலாகப் பூட்டியவை இரண்டு: டேங்கின் அடியில் பெட்டி வைத்த எச்.ஐ.டி. விளக்கு, ஹேண்டிலில் போன் சார்ஜர். இரண்டும் உள்ளே வேகமாக விட்டு விட்டு எரியும் சுற்றுக்கள், ரேடியோ அலைக்கு நஞ்சு. மலிவான சார்ஜர் ஒன்று பக்கத்தில் இருந்தால் கார் ரிமோட்டே வேலை செய்யாது, கடையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வழிமுறை எளிது. எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கக் கூடாது, ஒவ்வொன்றாக அணைத்து ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்தேன். ஒரு வளைவு தாண்டினால் குகன் எனக்காக ஓரத்தில் காத்துக்கொண்டு நிற்கிறான், அவனருகே போய் நிறுத்தினால் R 31. விளக்குத்தான் குற்றவாளி என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன்.

வட்டவளையில் R மறுபடி போனது. சார்ஜரைப் பிடுங்கினேன். றொசல்ல ரயில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, திரையின் வயரை பேட்டரி வயரிலிருந்து விலக்கிக் கட்டினேன். அங்கே நிற்கும்போதுதான் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. தண்டவாளம் முதலில் மறைந்தது, பிறகு தேயிலை, பிறகு பத்தடி தள்ளி நின்ற குகன். அவன் சிகரெட்டின் நெருப்பு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்போது R 30 என்று ஒழுங்காகக் காட்டியது.

இதை வாசிக்கும் புத்திசாலிகள், முன் சென்சர் ஏன் ஒருமுறைகூட விடவில்லை என்று கேட்பார்கள். திரைக்குக் கிட்ட இருக்கிறது, அதனால் தப்புகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை தெரிந்தவனுக்கு விளக்கம் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

ஹட்டனுக்கு 11.20. வெள்ளவத்தையிலிருந்து என் மீட்டரில் 131 கிலோமீட்டர். பஸ் நிலையத்துக்கு எதிரே சோறு சாப்பிட்டோம், ஆளுக்கு நூற்றிருபது. சாப்பிட்டு வந்து பார்த்தால் R 28. குளிருக்குக் குறைந்திருக்கும் என்று மூடியைக் கழற்றி, கால் பம்பை எடுத்துப் பின் டயருக்கு அடித்தேன். இருபது மிதி மிதித்து, மூடியைத் திரும்பப் பூட்டிப் பார்த்தால் 28இலேயே நின்றது. இன்னும் பத்து மிதித்தேன். 27 ஆனது.

காற்று அடிக்க அடிக்க இறங்கும் டயரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. சென்சர் பழுது என்று முடிவு கட்டினேன். காற்றை அளக்கும் குச்சி மாதிரி ஒரு கேஜ் என்னிடம் இருந்தது, அதை எடுத்து அளந்திருந்தால் முப்பது வினாடியில் விஷயம் முடிந்திருக்கும். பையின் அடியில் இருந்ததால் எடுக்கவில்லை. திரையைக் கழற்றிப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

குகன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான். அவனுடைய திரை கிணுகிணுக்கிறது என்று கினிகத்தேனையிலேயே சத்தத்தை அணைத்து, மேலே கையுறை ஒன்றையும் மாட்டியிருந்தான்.

"நீ உந்த வயருகளோட மினக்கெடு மச்சான். நான் முன்னுக்குப் போறன். தண்ணிக்குள்ள இருக்கிற கோயில மூட்டம் மூட முந்திப் பாக்கோணும். மஸ்கெலியா பஸ் ஸ்ராண்டில நிக்கிறன்."

"மெதுவாகப் போ. ரோடு வழுக்கும்."

"ஓமோம். உன்ர ரயரப் பார்."

அவன் 1.10க்குப் போனான். அவன் போய் ஒரு நிமிஷத்தில் R கோடாகிவிட்டது. இதில் ஒன்றும் பிரயோசனமில்லை என்று திரையை மறுபடி ஹேண்டிலில் கிளிப் போட்டுவிட்டு 1.35க்குக் கிளம்பினேன்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். டிக்கோயா, நோர்வூட், பிறகு வளைவுக்கு மேல் வளைவு. நோர்வூட் தாண்டியதும் மூட்டம் வீதியில் உட்கார்ந்துவிட்டது. எச்.ஐ.டி.யைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. பழைய மஞ்சள் பல்பில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தேன். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. இடது பக்கம் மலை, வலது பக்கம் கல் அணைச்சுவர். அதற்குக் கீழே தேயிலை இருக்க வேண்டும், தெரியவில்லை.

2.12க்கு, ஹட்டனிலிருந்து 13.6ஆவது கிலோமீட்டரில், ஒரு வலது வளைவில், திரை அலறியது. சிவப்பு லைட். R 14.

நிறுத்தினேன். இறங்கி டயரை உதைத்தேன், கல் மாதிரி இருந்தது. இப்போதாவது குச்சிக் கேஜைத் தேடி எடுத்தேன். மூடியைக் கழற்றி அளந்தால் 38, ஹட்டனில் நான் மிதித்த மிதிக்கு. திரையைப் பார்த்தேன். R 14. சென்சர் மூடி என் உள்ளங்கையில் இருக்கிறது, டயரில் இல்லை. காற்றே படாத மூடி பூச்சியம் காட்ட வேண்டும். R 14தான் காட்டியது.

சூட்டையும் பார்த்தேன். முன் டயர் 29 பாகை, ஓடி வந்த டயருக்கு அது சரி. R 17 பாகை. ஓடாமல் குளிரில் கிடக்கும் டயரின் சூடு அது.

வண்டியை முன்னால் தள்ளினேன். இருபது அடியில் கோடு. பின்னால் தள்ளினேன். R 13. மறுபடி முன்னால், கோடு. பின்னால், R 13. என் பைக்கில் இல்லாத ஒரு டயர் அந்த வளைவில் மட்டும் இருந்தது, அதில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க தம்பி, வண்டி கெட்டுப்போச்சா?"

தூக்கிவாரிப் போட்டது. மலைப் பக்கத்துப் படிக்கட்டில் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் மழைக்குச் சுற்றிய பிளாஸ்டிக் படங்கு, தலையில் புல்லுக்கட்டு, கையில் அரிவாள்.

"இல்லங்க அக்கா. காத்து எறங்குதுன்னு காட்டுது. ஆனா எறங்கல."

அவள் பைக்கைப் பார்க்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "இங்கன நிக்காதீங்க. எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

"ஏன்?"

"கொஞ்ச நேரமா கீழ மொனகுற சத்தம் கேக்குது. கொழுந்தெடுக்கிற புள்ளைங்க பன்னெண்டுக்கே மேல ஏறிருச்சுங்க. கீழ ஆளு இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது. மெல்லியது, மூச்சில்லாதது, பக்கத்திலா தூரத்திலா என்று சொல்ல முடியாதது.

"சேகர்."

அவள் படியிலிருந்து இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "ஒங்க பேருங்களா?"

"ஆமாங்க."

"வாயத் தொறக்காதீங்க. மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுசன். ரெண்டோட நின்னுச்சுன்னா அது வேற."

இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. லயத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். மூட்டத்துக்குள்ளிருந்தோ இருட்டுக்குள்ளிருந்தோ பெயர் வந்தால் மூன்றாவது முறைக்குத்தான் பதில். நான் மலைக்குச் சோறு கொண்டுபோகும்போது அம்மா வாசலில் நின்று "சேகர், சேகர், சேகர்" என்று ஒரே மூச்சில் கூப்பிடுவாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தாங்கள் மனிதர்தான் என்று காட்டுவதற்கு. வெள்ளவத்தைக்கு வந்து இருபது வருஷத்தில் அதை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த வளைவில் அது நினைப்பாக வரவில்லை, தாடையில் வந்தது. வாய் திறக்கவில்லை.

"சேகர்."

இரண்டு. நானும் அவளும் அசையாமல் நின்றோம். மூட்டம் சுவரின் மேல் வழிந்து வந்துகொண்டிருந்தது. தேயிலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. திரையில் R 12 ஆனது. ஐந்து நிமிஷம் நின்றிருப்போம். மூன்றாவது வரவில்லை.

"பாத்தீங்களா" என்றாள் அவள், மிகவும் தாழ்ந்த குரலில். புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டு படியேறிப் போய்விட்டாள்.

அது குகனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. குகன் எனக்கு இருபத்தைந்து நிமிஷம் முன்னால் போனவன், இந்நேரம் மஸ்கெலியாவில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பான். அது எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆகவே கீழே என் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது குகன் அல்ல. குகன் அல்ல என்றால் வேறு என்ன? அந்தக் கேள்விக்குமேல் யோசிக்கப் பயந்து மூடியைப் பூட்டினேன், வண்டியை எடுத்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. 2.25 இருக்கும்.

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு 2.45க்கு வந்தேன். குகன் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பானோ என்று போன் எடுத்தேன், தொடர்பில்லை. நிலையத்துக்கு முன்னால் தேநீர்க்கடை வைத்திருப்பவரிடம் நீல நிற பைக் ஒன்று வந்ததா என்று கேட்டேன்.

"காலைல இருந்து ஒங்க பைக்குதான் மொத பைக்குங்க. மூட்டத்துல யாரு வருவா?"

ஹட்டனிலிருந்து வருவதற்கு வேறு வழி அவனுக்குத் தெரியாது. பாதையில் நான் அவனைக் கடக்கவும் இல்லை. நான் செய்தது ஒரு பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்து மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் இலக்கம் இருக்கும். என் செட்டின் R மூடிக்கு 41 என்று முடிய வேண்டும், பெட்டியின் மூடியில் பேனாவால் நானே எழுதி வைத்தது. என் கையிலிருந்த மூடியில் 17.

மணல் மூட்டையின் மேல் இரண்டு R மூடிகள் கிடந்தன. அவசரத்தில் என்னுடையதை அவன் பூட்டிக்கொண்டான், அவனுடையதை நான். காலையிலிருந்து என் திரை பார்த்துக்கொண்டிருந்தது என் பின் டயரை அல்ல, குகனின் பின் டயரை. அவன் கிட்ட நின்றால் இலக்கம், முன்னால் போனால் கோடு. விளக்கு, சார்ஜர், வயர் எதற்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஹட்டனில் 28, 27 என்று இறங்கியதும் அவன் டயர்தான். அதை என் கண்ணால் பார்த்துக்கொண்டே அவனை வழியனுப்பினேன்.

அப்படியென்றால் அந்த வளைவில் R 14 என்பது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எழுந்து தேநீர்க்கடைக்குள் ஓடினேன். "ரெண்டு தரம், ரெண்டு தரம்" என்று நான் வாய்க்குள் சொன்னதாகக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

அவர்தான் த்ரீவீலர் ஓட்டும் திருச்செல்வத்தைக் கூப்பிட்டார். திருச்செல்வம் முப்பது வயது ஆள், அதிகம் பேசாதவர். கயிறு, ஒரு பழைய கம்பளி, டார்ச் எடுத்துக்கொண்டார். 3.10க்கு இரண்டு வண்டியிலும் திரும்பினோம், 3.30க்கு வளைவு. அல்லது வளைவு என்று நான் நினைத்த இடம். மூட்டத்தில் எல்லா வளைவும் ஒன்றுதான். மீட்டரை வைத்துத்தான் கணித்தேன்.

திரையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நடந்தேன். R கோடு. திரும்பி நடந்தேன். கோடு. டயரில் காற்று முழுக்கப் போய்விட்டால் அந்தச் சாமான் சில நேரம் தூங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைத் திருச்செல்வத்திடம் சொல்லவில்லை. பிறகு அவருடைய த்ரீவீலரைப் பார்த்தேன். கலர் பல்பு மாலை, ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர், போன் சார்ஜர், எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. லைட்டு, சார்ஜர், எஞ்சின், எல்லாம்."

"இருட்டா இருக்குதுங்களே."

"பரவால்ல. நிப்பாட்டுங்க."

என் பைக்கையும் அணைத்தேன். சத்தமும் வெளிச்சமும் போனதும் அந்த இடம் காதை அடைத்தது போல் ஆனது. நாலைந்து வினாடி கழித்து என் கையில் சிவப்பு லைட் எரிந்தது. R 4. காலையில் பொய்யாகக் கண்டுபிடித்த இடைஞ்சல், மாலையில் உண்மையாகவே இருந்தது.

சுவர் உடைந்திருந்த இடத்தில் கீழே இறங்கினோம். தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பளவில் நடந்தேன். வலது பக்கம் போனால் கோடு, இடது பக்கம் R 4. R 3. அழுத்தம் குறைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான், இலக்கம் மாறினால் சென்சர் இன்னும் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார் திருச்செல்வம் பின்னாலிருந்து. "மூணு வாட்டி கூப்பிடுங்க. இல்லாட்டி பேசமாட்டாரு."

"குகன்" என்று கத்தினேன்.

"ஓம்" என்று பதில் வந்தது, முதல் தடவையிலேயே, பத்தடி தள்ளி.

தண்ணீர் ஓடுவதற்காகத் தேயிலைக்குள் வெட்டியிருக்கும் கானில் கிடந்தான். பைக் அவன் வலது காலின் மேல் கிடந்தது. உடம்பு ஐஸ். உதடு நீலம். விலா எலும்பு இரண்டு உடைந்திருந்ததால் மூச்சு விட்டு விட்டுப் பேசினான். பின் டயர் வளைவில் வழுக்கியதாகவும், பிரேக் பிடித்ததும் உடைந்த சுவர் வழியாகக் கீழே வந்துவிட்டதாகவும் சொன்னான். டயரின் வால்வில் இருந்த மூடியைப் பார்த்தேன். உள்ளே ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துணுக்கு. அதன் வழியாகத்தான் காலையிலிருந்து காற்று கசிந்திருக்கிறது. காற்றைக் காவல் காக்கப் பூட்டிய மூடிதான் காற்றைத் திறந்துவிட்டது.

கம்பளியில் கட்டித் தூக்கி, 4.40க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளிரில் இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். கால் பிழைத்தது, ஆனால் முழங்கால் இன்றைக்கும் முழுதாக மடங்காது. வகுப்பில் உட்கார்ந்துதான் பாடம் எடுக்கிறான். பைக்கை விற்றுவிட்டான்.

மறுநாள் காலை கட்டிலில் கிடந்துகொண்டு என்னிடம் சொன்னான். "ரெண்டே கால் இருக்கும் மச்சான். மேல ஒரு பைக் வந்து நிண்டது. சத்தத்தப் பாத்தா உன்ர பைக் மாதிரியே இருந்தது. விலாவுக்க குத்துது, மூச்சு இல்ல. ரெண்டு தரம் கூப்பிட்டன். பிறகு அது போயிட்டுது."

நான் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "யாராவது தோட்டத்து ஆளா இருக்கும்" என்றேன்.

இனி, போகப் போகிறவர்களுக்கு. காலையில் சீக்கிரம் ஏறுங்கள், ஏப்ரல் பருவத்தில் பகல் ஒன்றுக்குப் பிறகு நோர்வூட்டுக்கு மேலே பார்வை கிடையாது. இரண்டு பேர் போனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போங்கள். சென்சர் பூட்டினால் மூடியின் இலக்கத்தை வெளியே தெரிகிற மாதிரி எழுதிவையுங்கள். கழற்றிப் பூட்டிய பின் ஒவ்வொரு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கி, உங்கள் திரையில் அது இறங்குகிறதா என்று பாருங்கள், எச்சில் தொட்டுக் கசிவும் பாருங்கள். சிக்னல் போனால் விளக்கையும் சார்ஜரையும் சந்தேகிப்பது சரிதான். ஆனால் அதற்கு முன்னால், நூற்றைம்பது ரூபாய்க் குச்சிக் கேஜால் அளந்து பாருங்கள். இரண்டு இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பொய் சொல்வது சாமான்தான் என்று அவசரப்பட வேண்டாம். அது வேறு யாரையோ பற்றி உண்மை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மலையில் யாராவது கூப்பிட்டால் முதல் தடவைக்கே பதில் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

குகன் இந்த வலைப்பூவைத் தவறாமல் வாசிப்பவன், என் எழுத்துப் பிழைகளைக் குறித்து வைத்துக்கொண்டு போனில் சொல்வான். நேரே சொல்ல எட்டு மாதமாக எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மேலே வந்து நின்றது என் பைக்தான், மச்சான். நீ கூப்பிட்டது இரண்டு தடவையும் எனக்குக் கேட்டது. மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.